வீட்டுக் கோழிக்குத் தீவனம்: எதை வாங்குவது, எப்படி மாற்றுவது

ஒருமுறை பெல்லட் (மாவைச் சிறு உருளைகளாக அழுத்திய தீவனம்) மூட்டை தீர்ந்துபோன அன்று காலை, கையிலிருந்த மாவுத் தீவனத்தைத் தொட்டி நிறையக் கொட்டிவிட்டு என் வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். சாயங்காலம் வந்து பார்த்தால் தொட்டி அப்படியே இருக்கிறது. கோழிகள் கிட்டே வருகின்றன, தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் பார்க்கின்றன, ஒரு கொத்து கொத்திவிட்டு அலகை மண்ணில் துடைத்துக்கொண்டு நகர்ந்துவிடுகின்றன. பசி வந்தால் தானாகத் தின்னும் என்று விட்டுவிட்டேன். ஏழு பெட்டைகளிடமிருந்து நாளுக்கு ஐந்து முட்டை வந்துகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் ஒன்றுதான் வந்தது. பழையபடி ஆக மூன்று வாரம் பிடித்தது. இத்தனைக்கும் புதுத் தீவனம் பழையதைவிட ஒரு படி நல்ல தீவனம். கொடுத்த விதம்தான் தப்பு.

கோழியின் வாயில் சுவை அரும்புகள் சில நூறுதான் உண்டு. நமக்கு ஆயிரக்கணக்கில். அதனால் அது பெரும்பாலும் கண்ணாலும் அலகாலும்தான் தீவனத்தை அடையாளம் காண்கிறது. வடிவம், நிறம், துகளின் அளவு இவை மாறினால் அதற்கு அது தீவனமே இல்லை. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

1. முதலில் கூண்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள்

'நல்ல தீவனம் எது' என்று கேட்பதற்கு முன்னால், யாருக்கு என்று கேட்க வேண்டும். ஒரு நாள் குஞ்சுக்கும் முட்டையிடும் கோழிக்கும் ஒரே மூட்டை பொருந்தவே பொருந்தாது.

முட்டை இனக் குஞ்சுக்கு முதல் எட்டு வாரம் 18 முதல் 20 சதவீதம் புரதம் வேண்டும். கறிக்காக வளர்க்கும் இனமென்றால் தொடக்கத்தில் 22, 23 சதவீதம். எட்டு வாரத்துக்குப் பிறகு வளரும் கோழிக்கு 15, 16 போதும். முட்டையிடத் தொடங்கியதும் புரதம் 16 முதல் 18 சதவீதம், அதோடு கால்சியம் 3.5 முதல் 4 சதவீதம். குஞ்சுத் தீவனத்திலும் வளர்கோழித் தீவனத்திலும் கால்சியம் ஏறக்குறைய 1 சதவீதம்தான் இருக்கும்.

நான் கவனிக்கச் சொல்வது இந்தக் கால்சியக் கணக்கைத்தான். புரதம் ஒன்றிரண்டு சதவீதம் முன்பின் இருந்தால் கோழி சமாளித்துக்கொள்ளும். ஆனால் முட்டைக்கோழித் தீவனத்தைக் குஞ்சுக்கு வாரக்கணக்கில் போட்டால் மிஞ்சிய கால்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். யூரிக் அமிலம் வெளியேறாமல் உள்ளுறுப்புகளின் மேல் சுண்ணாம்பு பூசினதுபோலப் படிந்துவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. குஞ்சு சோர்ந்து நிற்கும், ஒருநாள் செத்துக் கிடக்கும். 'எல்லாவற்றுக்கும் ஒரே மூட்டை வாங்கினால் சிக்கனம்' என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பெரும்பாலான வீடுகளில் குஞ்சு, விடைக்கோழி, முட்டைக்கோழி, சேவல் எல்லாம் ஒரே முற்றத்தில்தான் திரியும். அப்படியானால் எளிய வழி ஒன்று உண்டு. எல்லோருக்கும் கால்சியம் குறைந்த, புரதம் 16 முதல் 18 சதவீதமுள்ள வளர்கோழித் தீவனத்தைப் போடுங்கள். உடைத்த கிளிஞ்சலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முட்டையிடும் பெட்டை தனக்கு வேண்டியதைத் தானே தேடித் தின்னும். சேவல் அந்தக் கிண்ணத்தைப் பெரும்பாலும் சீண்டாது. பிறந்து சில வாரமே ஆன குஞ்சுகள் இருந்தால் மட்டும், பெரியவை நுழைய முடியாத தடுப்புக்குள் அவற்றுக்குக் குஞ்சுத் தீவனம் வைக்க வேண்டும்.

வாத்துக் குஞ்சும் கூட வளர்கிறதா? அதற்கு நியாசின் என்ற பி விட்டமின் கோழிக்குஞ்சைவிட அதிகம் வேண்டும். குறைந்தால் கால் வலுவிழந்து நடக்கத் தள்ளாடும். வாத்துக்கான தீவனம் கிடைக்காவிட்டால் ஈஸ்ட் தூளைச் சேர்த்துக் கொடுக்கலாம்.

2. மூட்டையில் ஒட்டியிருக்கும் சீட்டைப் படியுங்கள்

முன்பக்கத்துக் கோழிப் படத்தை விட்டுவிட்டு, தையலோடு சேர்த்துத் தைத்திருக்கும் சின்னச் சீட்டைப் பாருங்கள். மூன்று விஷயம் தெரிந்தால் போதும்.

முதலாவது, புரதமும் கால்சியமும் எவ்வளவு என்பது. இரண்டாவது, தயாரித்த தேதி. அரைத்த தானியத்தில் கொழுப்பு சிக்குவாடை பிடிக்கும், விட்டமின்கள் நாளாக ஆக வலுவிழக்கும். தயாரித்து இரண்டு மாதத்துக்குள் தீர்ந்துவிடும்படி வாங்குவது நல்லது. வெயில் காலத்தில் இன்னும் சீக்கிரம். கடைக்காரர் விலை குறைத்துத் தரும் மூட்டையில் முதலில் தேதியைத்தான் பார்க்க வேண்டும்.

மூன்றாவது, மருந்து கலந்ததா என்பது. குஞ்சுத் தீவனத்தில் இரத்தக்கழிச்சலைத் தடுக்கும் மருந்து சேர்ப்பதுண்டு. இரத்தக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போட்ட குஞ்சுகளுக்கு அதைக் கொடுத்தால் தடுப்பூசி வீணாகிவிடும். முட்டையிடும் கோழிக்குக் கொடுத்தால், மருந்தைப் பொறுத்து, முட்டையைச் சில நாள் தின்னக் கூடாதென்று இருக்கும். மோனென்சின், சாலினோமைசின் போன்ற இரத்தக்கழிச்சல் தடுப்பு மருந்துகள் கலந்த தீவனத்தைக் குதிரை தின்றால் உயிருக்கே ஆபத்து. வீட்டில் வேறு பிராணிகள் இருந்தால் அந்த மூட்டையைப் பூட்டி வையுங்கள்.

3. மாவா, கிரம்பிளா, பெல்லட்டா

மாவுத் தீவனம் மலிவு. கோழி அதைத் தின்ன நேரம் அதிகம் எடுக்கும். அடைத்து வளர்க்கும் கோழிகளுக்கு அதுவே ஒரு வேலை, ஒன்றையொன்று கொத்துவது குறையும். ஆனால் பெரிய துகளைப் பொறுக்கித் தின்றுவிட்டுத் தூளை ஒதுக்கிவிடும். விட்டமினும் தாது உப்பும் இருப்பது அந்தத் தூளில்தான். தொட்டியின் அடியில் எப்போதும் தூள் தேங்கினால் கோழி முழுச் சாப்பாடு சாப்பிடவில்லை என்று அர்த்தம். புதிதாக நிரப்பாமல், இருப்பதை முடிக்க விடுங்கள். அல்லது அந்தத் தூளில் தண்ணீர் தெளித்துப் பிசைந்து வையுங்கள், போட்டி போட்டுத் தின்னும்.

பெல்லட்டில் பொறுக்க முடியாது, சிந்துவதும் குறைவு. பெல்லட்டை உடைத்ததுதான் கிரம்பிள், குஞ்சுகளின் அலகுக்கு அதுதான் தோது. நான் இப்போது பெரிய கோழிகளுக்குப் பெல்லட்டும் குஞ்சுகளுக்குக் கிரம்பிளும்தான் போடுகிறேன்.

4. வீட்டிலேயே கலக்க நினைத்தால்

செய்யலாம். ஆனால் 'மக்காச்சோளமும் தவிடும் போட்டால் போதும்' என்பது தீவனமாகாது. மக்காச்சோளத்தில் புரதம் 9 சதவீதம்தான். அதை மட்டும் தின்ற கோழி கொழுக்கும், ஈரல் கொழுப்பேறும், முட்டை குறையும்.

முட்டைக்கோழிக்கு 100 கிலோ கலப்பதாக வைத்துக்கொள்வோம். இலக்கு 17 சதவீதம் புரதம். சுண்ணாம்புக்கல், தாது உப்பு இவற்றுக்கு முதலில் 10 கிலோ ஒதுக்கிவிடுங்கள், அவற்றில் புரதம் கிடையாது. ஆக மிச்ச 90 கிலோவிலிருந்துதான் 17 கிலோ புரதம் வர வேண்டும், அதாவது 19 சதவீதம். மக்காச்சோளம் 9, சோயா புண்ணாக்கு 45. 45-க்கும் 19-க்கும் வித்தியாசம் 26, இது சோளத்தின் பங்கு. 19-க்கும் 9-க்கும் வித்தியாசம் 10, இது சோயாவின் பங்கு. 90 கிலோவை 26-க்கு 10 என்று பிரித்தால் சோளம் 65 கிலோ, சோயா 25 கிலோ. சரிபார்த்துக்கொள்ளுங்கள்: 65-ல் 9 சதவீதம் 5.85, 25-ல் 45 சதவீதம் 11.25, மொத்தம் 17.1 கிலோ. பியர்சன் சதுரம் என்று இந்தக் கணக்குக்குப் பெயர். எந்த இரண்டு பொருளுக்கும் பொருந்தும்.

ஒதுக்கிய 10 கிலோவில் எட்டு கிலோவுக்குக் கொஞ்சம் மேலே சுண்ணாம்புக்கல் தூள், ஒரு கிலோவுக்குச் சற்று அதிகமாக டைகால்சியம் பாஸ்பேட் (கால்சியமும் பாஸ்பரசும் தரும் தூள்), 300 கிராம் உப்பு. அப்புறம் முட்டைக்கோழிக்கான விட்டமின், தாதுக் கலவையும் மெத்தியோனினும் பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு. சோளமும் சோயாவும் சேர்ந்த கலவையில் முதலில் பற்றாக்குறை ஆகும் அமினோ அமிலம் மெத்தியோனின்தான், அதைத் தவிர்க்காதீர்கள். சிறு அளவில் போடுவதை முதலில் ஒரு கிலோ சோள மாவில் கலந்து, பிறகு மொத்தத்தில் கலக்க வேண்டும். நேராகக் கொட்டினால் ஒரு கோழிக்கு உப்பு மூட்டையே போய்ச் சேரும், இன்னொன்றுக்கு ஒன்றும் இருக்காது.

சோயா விதையைப் பச்சையாக அரைத்துப் போடக் கூடாது, புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது. வறுத்தது அல்லது எண்ணெய் எடுத்துச் சூடேற்றிய புண்ணாக்குதான் வேண்டும். குஞ்சுகளுக்கு மட்டும் வீட்டுக் கலவையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அந்த எட்டு வாரத்தில் ஏற்படும் குறையைப் பிறகு சரிக்கட்டுவது கஷ்டம்.

5. கிளிஞ்சலும் சிறு கல்லும் ஒன்றல்ல

இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் நிறைய. சிறு கல் கரையாது. அரைவைப்பையில் கிடந்து பல் மாதிரி தானியத்தை அரைக்கும். முழுத் தானியமோ புல்லோ தின்னும் கோழிக்கு அது வேண்டும். மண்ணில் மேயும் கோழி தானே பொறுக்கிக்கொள்ளும். கிளிஞ்சல் கரையும், கால்சியம் தரும்.

ஒரு முட்டை ஓட்டில் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஓடு உருவாக இருபது மணி நேரம் வரை ஆகும், அதில் பெரும்பகுதி இரவில். அந்த நேரத்தில் கோழி தூங்கிக்கொண்டிருக்கும், குடலில் கால்சியம் இல்லாவிட்டால் எலும்பிலிருந்து எடுக்கும். அதனால்தான் மாவாக அரைத்த சுண்ணாம்பைவிடக் கரடுமுரடாக உடைத்த கிளிஞ்சல் நல்லது. சாயங்காலம் தின்றது அரைவைப்பையில் தங்கி இரவெல்லாம் மெதுவாகக் கரையும். எங்கள் கோழிகள் கூட்டுக்குள் போவதற்கு முன் கடைசியாக ஒருமுறை கிளிஞ்சல் கிண்ணத்தை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறும். காலையில் அந்தக் கிண்ணத்தை அவை திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

6. எவ்வளவு வாங்குவது, எங்கே வைப்பது

முட்டையிடும் ஒரு கோழி நாளுக்கு 100 முதல் 120 கிராம் தின்னும். பத்துக் கோழிக்கு நாளுக்குச் சுமார் 1.15 கிலோ. 50 கிலோ மூட்டை ஆறு வாரத்துக்கு வரும். ஐந்து கோழி வைத்திருப்பவர் 50 கிலோ வாங்கினால் மூன்று மாதம் ஆகும், அவருக்கு 25 கிலோ மூட்டைதான் சரி.

மூடியுள்ள தகர டப்பாவில், தரையிலிருந்து உயர்த்தி, சுவரிலிருந்து தள்ளி வையுங்கள். பிளாஸ்டிக் டப்பாவை எலி ஒரே ராத்திரியில் ஓட்டை போட்டுவிடும். பழைய தீவனத்தின் மேல் புதியதைக் கொட்டாதீர்கள், அடியில் கிடப்பது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

7. மாற்றும் பத்து நாள்

பழைய தீவனம் தீர்ந்த பிறகு புதியதை வாங்கப் போவதுதான் எல்லோரும் செய்வது, நானும் செய்தது. கலந்து மாற்றுவதற்குப் பழையது கையில் இருக்க வேண்டும். எவ்வளவு? முதல் மூன்று நாள் பழையது முக்கால், புதியது கால். அடுத்த மூன்று நாள் பாதிக்குப் பாதி. அதற்கடுத்த மூன்று நாள் பழையது கால், புதியது முக்கால். பத்தாம் நாள் முழுக்கப் புதியது. கூட்டிப் பார்த்தால் நான்கரை நாள் பழைய தீவனம் வேண்டும். பத்துக் கோழிக்கு ஐந்து கிலோ சொச்சம். ஆகவே பழைய மூட்டையில் ஆறு கிலோ இருக்கும்போதே புது மூட்டை வீட்டுக்கு வந்துவிட வேண்டும்.

பெல்லட்டிலிருந்து பெல்லட்டுக்கு, நிறுவனம் மட்டும் மாறுகிறது என்றால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். பெல்லட்டிலிருந்து மாவுக்கு என்றால் பத்து நாளும் வேண்டும். அதிலும் கோழி பெல்லட்டை மட்டும் பொறுக்கிவிட்டு மாவை மிச்சம் வைக்கும். இதற்கு ஒரு வழி: இரண்டையும் சேர்த்து, பிடித்தால் உருண்டையாகி விரலால் தட்டினால் உதிரும் அளவுக்கு மட்டும் தண்ணீர் தெளித்துப் பிசைந்து கொடுங்கள். பெல்லட் ஊறி மாவோடு ஒட்டிக்கொள்ளும், பிரித்தெடுக்க முடியாது. அரை மணி நேரத்தில் தின்று தீர்க்கும் அளவே வையுங்கள், ஈரத் தீவனம் சீக்கிரம் புளித்துக் கெடும்.

இந்தப் பத்து நாளும் இரண்டு தொட்டி வையுங்கள். கூட்டத்தில் கடைசி இடத்திலிருக்கும் கோழி, ஒரே தொட்டி இருந்தால் மிச்சத்தைத்தான் தின்னும். புதுத் தீவனம் முழுக்க அதன் தலையில் விழும். தொட்டியின் விளிம்பு கோழியின் முதுகு உயரத்துக்கு இருக்கட்டும்.

எப்போது மாற்றக் கூடாது? கடும் வெயில் அடிக்கும் வாரம், தடுப்பூசி போட்ட வாரம், புதுக் கோழி வந்து சண்டை ஓயாத வாரம், இடம் மாற்றிய வாரம். ஏதாவது தவறினால் காரணம் தீவனமா மற்றதா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

8. மாற்றும்போது எதைப் பார்ப்பது

தொட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சிந்தியதும் தின்றதும் ஒரே மாதிரித்தான் குறையும். இருட்டியதும் கூட்டுக்குள் போய், கோழியின் கழுத்தடியில், நெஞ்சுக்கு வலப்பக்கம் இருக்கும் தீனிப்பையை விரலால் தொட்டுப் பாருங்கள். நிறையத் தின்ற கோழிக்கு அது ஒரு சின்னப் பந்து மாதிரி புடைத்து, அழுத்தினால் நெகிழும். தட்டையாக இருந்தால் அன்றைக்கு அது பட்டினி. எல்லாக் கோழியையும் தொட வேண்டியதில்லை, பயந்த சுபாவமுள்ள இரண்டைத் தொட்டால் போதும். அவை நிறைந்திருந்தால் மற்றவையும் நிறைந்திருக்கும். காலையில் தீனிப்பை காலியாக இருக்க வேண்டும். காலையிலும் கெட்டியாகவோ புளிச்ச வாடையோடு தளதளவென்றோ இருந்தால் அது அடைப்பு, தீவனத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எச்சத்தைப் பார்த்தும் சொல்லலாம். கெட்டியான எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி இருப்பது வழக்கம். நடுநடுவே பிசுபிசுவென்று பழுப்பாக நாற்றமடிப்பதும் வழக்கமானதுதான், அது குடல்வாலிலிருந்து வருவது. மாற்றத்தின்போது ஒன்றிரண்டு நாள் கொஞ்சம் இளகினால், அப்போதிருக்கும் விகிதத்திலேயே இன்னும் இரண்டு நாள் நிறுத்துங்கள். இரத்தம் தெரிந்தால் அது தீவன விஷயமே இல்லை, மருத்துவர் விஷயம்.

முட்டை சொல்லும் செய்தி வெவ்வேறு வேகத்தில் வரும். ஓடு சில நாளிலேயே மெலியும். ஓடில்லாத தோல்முட்டை வந்தால் புதுத் தீவனத்தின் கால்சியத்தைப் பாருங்கள். மஞ்சள்கரு பத்து நாள் போல வளர்வதால் அதன் நிறம் மாற ஒன்றிரண்டு வாரம் பிடிக்கும். வெளிறிப்போனால் பயப்பட வேண்டாம், புதுத் தீவனத்தில் மஞ்சள் மக்காச்சோளம் குறைவு, அவ்வளவுதான். கீரையும் புல்லும் கொடுத்தால் நிறம் திரும்பும்.

9. எந்த மாற்றம் எப்போது

வளர்கோழியிலிருந்து முட்டைக்கோழித் தீவனத்துக்கு மாற்ற நாள்காட்டியைவிடக் கோழியையே பார்க்கலாம். கொண்டை சிவந்து பெருத்து, முதுகில் கை வைத்ததும் பதுங்கி உட்கார்ந்தால் முதல் முட்டைக்கு இன்னும் சில நாள்தான். பொதுவாகப் பதினெட்டாம் வாரம் வாக்கில் வரும், நாட்டு இனங்களுக்கு இன்னும் தாமதமாகலாம். அன்று தொடங்கினால் போதும். பன்னிரண்டாம் வாரமே மாற்றுவது மேலே சொன்ன சிறுநீரகத் தொல்லையில் கொண்டுபோய் விடும்.

இறகு உதிர்க்கும் காலத்தில் முட்டை நின்றுபோகும். இறகில் 85 சதவீதத்துக்கு மேல் புரதம் என்பதால் அப்போது 18 முதல் 20 சதவீதப் புரதத் தீவனம் உதவும், கால்சியம் அவ்வளவு தேவையில்லை. கோடையில் கோழி தின்னும் அளவைக் குறைத்துக்கொள்ளும், அதனால் அதே அளவு புரதம் கிடைக்க அடர்த்தியான தீவனம் வேண்டும். அதிகாலையிலும் சாயங்காலமும் கொடுங்கள். தண்ணீர் எப்போதும் தீவனத்தின் எடையைப்போல் இரண்டு மடங்கு வேண்டும், வெயிலில் அதற்கும் மேலே. தண்ணீர் வற்றிய அன்று எந்தத் தீவனமும் உள்ளே இறங்காது.

தின்பண்டம், வீட்டு மிச்சம் எல்லாம் மொத்தத்தில் பத்தில் ஒரு பங்குக்குள். ஒரு கோழிக்கு ஒரு மேசைக்கரண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவகாடோ, சாக்லேட், வேகவைக்காத காய்ந்த பீன்ஸ், பச்சை படிந்த உருளைக்கிழங்கு, உப்பு தூக்கலான எதுவும் வேண்டாம்.

10. ஒரே நாளில் மாற்ற வேண்டிய சந்தர்ப்பம்

ஒன்றுதான் உண்டு: பூஞ்சை. கட்டி கட்டியாக, பச்சையோ சாம்பலோ படிந்து, மக்கிய வாடை அடித்தால் பத்து நாள் கணக்கெல்லாம் பார்க்காமல் அன்றே நிறுத்துங்கள். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. பூஞ்சை பிடித்த நிலக்கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று பிறகு தெரிந்தது. அஃப்லாடாக்சின் என்ற நஞ்சு அடையாளம் காணப்பட்டதே அப்படித்தான். வெயிலில் காயவைத்தால் பூஞ்சை மறையும், நஞ்சு போகாது. கட்டியை மட்டும் எடுத்துப்போட்டுவிட்டு மிச்சத்தைக் கொடுப்பதும் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத இடத்திலும் பரவியிருக்கும்.

அன்றைக்குப் புதுத் தீவனத்தைப் பிசைந்து ஈரமாக, சிறிது சிறிதாக நாலைந்து தடவை வையுங்கள். முதல் இரண்டு நாள் குறைவாகத்தான் தின்னும். முட்டை குறையும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். தொட்டியைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவையுங்கள். கெட்ட தீவனத்தை ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். குப்பைமேட்டில் கொட்டினால், மறுநாள் காலை எல்லாக் கோழியும் அங்கேதான் கிளறிக்கொண்டு நிற்கும்.